பழைய சந்தைக்கு எதிர்வீடு

2 மார்ச் 1970 — கைவண்டி — 1,200 லீரா
14 ஜூன் 1971 — கைவண்டி — 1,500 லீரா
10 அக்டோபர் 1983 — லாரி — 60,000 லீரா
3 மே 1987 — லாரி — 1,10,000 லீரா
22 மே 2024 — வேன் — 240 யூரோ

இவை புரோக்கோலோ தெஸ்தா வீடு மாறிய நாட்கள். பக்கத்தில் இருப்பது சாமான் ஏற்றிய வண்டிக்குக் கொடுத்த கூலி. மூன்று முறை மண் அவரை விரட்டியது. இரண்டு முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறை திரும்புவதற்கான வரி நெடுநாள் எழுதப்படாமலே கிடந்தது. அதை எழுதவிடாமல் தடுத்தது மண் அல்ல, அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

எரிமலை மேல் உட்கார்ந்திருக்கும் கடலோர ஊரான பொத்சுவோலியில் தரை ஒரே உயரத்தில் நிற்பதில்லை. சில ஆண்டுகள் ஏறும், சில ஆண்டுகள் இறங்கும். ஏறும்போது அடியில் உறுமிக்கொண்டே ஏறும். மற்ற ஊர்க்காரர்கள் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இந்த ஊர்க்காரர்கள் இதைப் பேசுவார்கள். துறைமுகத்துக்குச் சற்று உள்ளே, தெருவைவிடப் பள்ளமான ஒரு முற்றத்தில், ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்று இடிந்து கிடக்கிறது. நடுவில் வட்டமான மேடை, சுற்றிலும் சின்னச் சின்னக் கடை அறைகள், ஒரு பக்கம் மூன்று உயர்ந்த பளிங்குத் தூண்கள். தூண்களில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், சல்லடை போலத் துளைகள். அந்த உயரம் வரை கடலுக்குள் முங்கிக் கிடந்த காலத்தில் கிளிஞ்சல்கள் குடைந்தவை. தரை இறங்கினால் அந்த முற்றத்தில் கடல்நீர் புகும். ஏறினால் வற்றிவிடும். ஊரின் நிலவரம் தெரிய வேண்டுமானால் அங்கே போய் எட்டிப் பார்த்தால் போதும்.

எப்போதோ அங்கே ஒரு சாமி சிலையைத் தோண்டி எடுத்தார்கள். அதனால் ஊரார் இன்றும் அதைக் கோயில் என்பார்கள். நாற்பத்து நான்கு வருடம் மீன் சந்தையில் கடை போட்ட புரோக்கோலோவுக்கு இந்தப் பேச்சு ஆகவே ஆகாது. கம்பி வேலியோரம் நின்று "கோயில் எங்கே?" என்று கேட்கும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே பதிலைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"கோயிலும் இல்ல, குளமும் இல்ல. சந்தை. அந்தக் கால்வாயப் பாருங்க, மீன் கழுவின தண்ணி போற வழி. சாமிக்கு எதுக்குங்க சாக்கடை?"

அவர் பிறந்தது கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் பாறை மேல் இருந்த பழைய ஊரில். பதினேழு வயதில் ராணுவத்தார் வந்து ஊரையே காலி செய்தார்கள். அன்று அண்ணன் சோசியோதான் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கினார். அவருக்கு வயது இருபத்தொன்று. அடுத்த மாதமே அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மார் தெல் பிளாத்தா என்ற ஊரில் மீன்பிடிப் படகு வைத்துப் பிழைத்தார். அப்பாவோ அடுத்த வருடமே பழைய சந்தைக்கு எதிரில், இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார். யாருக்கும் வேண்டாமல் கிடந்த வீடு. சன்னலைத் திறந்தால் மூன்று தூண்கள்.

1983இல் நிலம் மறுபடி உறுமியபோது புரோக்கோலோவும் மனைவி ரஃபேலாவும் கைக்குழந்தையோடு மலைப்பக்கம் புதிதாய்க் கட்டிய குடியிருப்புக்குப் போனார்கள். பேருந்து வராத இடம். விடிவதற்கு முன்பே மொபெட்டில் இறங்கி வந்து கடை திறப்பார். நான்கு வருடம் பொறுத்துவிட்டு, "போதும்டா சாமி" என்று லாரி பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். அப்பா இறந்தபின் வீடு இரு மகன்கள் பேரிலும் விழுந்தது. அண்ணன் பேர் பத்திரத்தில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லி இரண்டு முறையும் வரவில்லை.

கடைசியாக 2024 மே மாதம் இருபதாம் தேதி இரவு வந்த ஆட்டத்தில் சமையலறைச் சுவர் பிளந்தது. ஒரு நெத்திலி தாராளமாய் நுழைந்து போகிற அளவு வெடிப்பு. பொறியாளர்கள் வந்து பார்த்து, பலப்படுத்தும் வரை குடியிருக்கக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார்கள். பக்கத்து ஊரான லிக்கோலாவில் இருந்த மகள் வீட்டுக் கூடத்தில், விரித்தால் கட்டிலாகும் சோபாவில் கணவனும் மனைவியும் படுத்தார்கள். புரோக்கோலோவின் எழுபத்தொரு வயது முதுகு அந்த சோபாவின் கம்பிகளை ஒவ்வொரு இரவும் எண்ணிப் பார்த்தது. சன்னலுக்கு வெளியே தெரிந்தது ஒரு கார் கழுவும் கடை.

பலப்படுத்த அரசு உதவி உண்டு. விண்ணப்பத்தில் உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் டிசம்பர் 16, திங்கட்கிழமை. புரோக்கோலோ தொலைபேசியில் அண்ணனைக் கேட்டார், கெஞ்சினார், கத்தினார்.

"நேர்ல வந்து பாத்துட்டுத்தான் எதுவும்" என்றார் சோசியோ.

செப்டம்பர் 29 அன்று வந்தும்விட்டார். எழுபத்தைந்து வயது, நல்ல உயரம், வெள்ளை மீசை. பெட்டி நிறைய மாத்தே என்ற பச்சை இலைத் தூள். சுரைக்குடுக்கையில் அதைப் போட்டு வெந்நீர் ஊற்றி இரும்புக் குழலால் காலை முழுக்க உறிஞ்சுவார்.

"ஏங்க, உங்கண்ணன் வைக்கோல் தண்ணி குடிக்கிறாருங்க" என்றாள் ரஃபேலா. "காப்பி போட்டுக் குடுத்தா, குவளை சின்னதா இருக்குன்னு, இது சின்னக் குழந்தைக்கா பெரியவனுக்கானு கேக்குறாரு."

விண்ணப்பத்தை மேசையில் விரித்துப் பேனாவையும் மூடி திறந்து வைத்தார் புரோக்கோலோ. சோசியோ பேனாவை மூடினார்.

"முதல்ல கோயிலப் பாக்கணும்."

"சந்தை."

"கோயில்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தா ஊரு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிரும். அப்புறம் கையெழுத்து."

மறுநாள் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. சில நாட்களில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். எந்த நாட்கள் என்று எழுதிய பலகையை வெயில் வெளுத்திருந்தது. சோசியோ வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார். அவர் சிறுவனாய் இருந்தபோது அந்த முற்றம் குளம். கடைச் சுவர் மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு இருவரும் விலாங்கு பிடித்த இடம். இப்போது தரை காய்ந்து புல் முளைத்திருந்தது. ஒரு பூனை நடு மேடையில் படுத்து வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி எங்கடா?"

"அதான் ஏறியிருக்கே. ஏறினா தண்ணி எப்படி நிக்கும்?"

"இவ்வளவா?"

"நீ போனப்ப இருந்ததுக்கு ரெண்டு ஆள் உயரம். ஃபோன்ல சொல்லும்போது என்ன பண்ணிக்கிட்டு இருந்த, வைக்கோல் உறிஞ்சிக்கிட்டு இருந்தியா?"

சோசியோ வேலியை விட்டுக் கையை எடுத்தார். "இதுல வீடு கட்டவா என்கிட்ட கையெழுத்து கேக்குற? மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் என்கூடக் கிளம்புங்க. பெரிய வீடு இருக்கு. தரை அசையாது."

"அண்ணே, எழுபத்தொரு வயசுல என்னைய ஸ்பானிஷ் படிக்கச் சொல்றியா?"

"சோபாவுல படுத்துச் சாகுறதுக்கு அது பரவாயில்ல."

"நான் சோபாவுல படுத்திருக்கிறதே நீ கையெழுத்துப் போடாததாலதான்யா!"

இரண்டு நாள் இதே பேச்சு. காலையில் ஆரம்பித்தால் சாப்பிடும்போதும் ஓயாது. மூன்றாம் நாள் அண்ணனின் மனம் குளிரட்டும் என்று பழைய படகுத் துறைக்கு அழைத்துப் போனார் புரோக்கோலோ. அங்கேதான் வந்தது வினை.

அந்தத் துறையில் கல்லில் பதித்த இரும்பு வளையம் ஒன்று உண்டு. 1970க்கு முன் அந்த வளையத்தருகில் நின்று ஒரு காலை எடுத்து வைத்தால் அப்பாவின் படகு. யாரும் கீழே பார்த்ததே இல்லை. கால் தானாகப் போகும். வேறு எந்த ஊரிலாவது ஐம்பத்து நான்கு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்குக் கடல் அதே இடத்தில் இருக்கும். சோசியோ பின்பக்கம் திரும்பித் தம்பியிடம் கத்திக்கொண்டே நடந்தார். "தரையே நிக்காத ஊருடா இது, தரையே நிக்காத..." வளையம் காலில் தட்டியது. பழக்கத்தில் அடுத்த காலை எடுத்து வைத்தார்.

கீழே படகு இல்லை. தண்ணீரும் இல்லை. தரை ஏறி ஏறித் துறை வற்றிப்போய், வெகு கீழே கரும்சேறுதான் இருந்தது.

சேறு இருந்ததால் பிழைத்தார். முழங்கால் வரை புதைந்து, மீசையில் பாசியோடு, நட்டு வைத்த கம்பம்போல நின்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"அர்ஜென்டினாக்காரரு சேத்துல முளைச்சிருக்காரு பாருங்கப்பா!"

"தண்ணி ஊத்துங்க, இன்னும் வளருவாரு!"

"சிரிக்காதீங்கடா!" என்று மேலிருந்து கத்தினார் புரோக்கோலோ. கத்திக்கொண்டிருந்தவருக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அண்ணனின் முகம் வெளுத்ததைப் பார்த்து நின்றது. கயிறு கட்டி ஏற்றினார்கள். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு, விமானம் ஏறக் கூடாது.

ஆக, லிக்கோலாவில் அந்த சோபா இப்போது சோசியோவுக்கு. புரோக்கோலோவும் ரஃபேலாவும் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டினால் கூடத்தில் யாரும் நடக்க முடியாது. மருமகன் தினமும் "நம்ம வீட்ல எத்தனை பேரு இருக்கோம்?" என்று மகளிடம் மெதுவாய்க் கேட்பது சுவர் வழியே கேட்கும். விண்ணப்பம் குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்தது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார் புரோக்கோலோ. சோசியோ அதன் மேல் ரொட்டியை வைப்பார்.

ஒரு நாள் மதியம் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட பாஸ்தாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிகள் கிலுகிலுத்தன. அடியில் லாரி போகிற மாதிரி ஒரு உறுமல். சோசியோ ஊன்றுகோலையும் மறந்து ஒற்றைக் காலில் வாசலுக்குத் தாவினார். புரோக்கோலோ ஒயின் குவளையை மட்டும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார், சிந்தாமல் இருக்க. உறுமல் நின்றதும் வைத்தார்.

"ரிக்டர்ல ரெண்டரை இருக்கும்" என்றார்.

"மூணு" என்றாள் ரஃபேலா. "அத்தான், உள்ள வாங்க, ஆறிரும்."

சோசியோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க ரெண்டு பேரும் மனுசங்களா, கல்லா?"

"பசியில இருக்குற மனுசங்க" என்றார் தம்பி. "உக்காரு."

நவம்பரில் கட்டுப் பிரித்தார்கள். பதினாறாம் தேதி ஊர்ப் புனிதர் புரோக்கோலோவின் திருநாள். அந்தப் பெயரையே கொண்ட நம் புரோக்கோலோவுக்கு அது இன்னொரு பிறந்தநாள் மாதிரி, பெயர்நாள். அன்று பழைய சந்தையைத் திறந்து வைத்திருந்தார்கள். பெயர்நாளுக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டார். "உன் கையெழுத்து" என்றார் தம்பி. "வேற கேளு" என்றார் அண்ணன். சரி, சந்தைக்காவது போவோம் என்று கிளம்பினார்கள்.

இருவரும் முற்றத்துக்குள் இறங்கி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எதிர்வீட்டில் குடியிருந்தவருக்கு மேலிருந்து பார்த்தே பழகிப்போயிருந்தது. காவலாளி துலியோ, முன்னாள் வாடிக்கையாளர்தான், கையசைத்தார். "புரோக்கோலோ அண்ணே! வாழ்த்துக்கள்! ஒருவழியா கோயிலுக்குள்ள வந்துட்டீங்க!"

"நீயுமாடா?" என்றார் புரோக்கோலோ.

சோசியோ ஊன்றுகோலை ஊன்றி ஊன்றித் தாங்கள் விலாங்கு பிடித்த கடைச் சுவரைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். அவர்களுடைய காலுக்குக் கீழே இப்போது தண்ணீர் இல்லை, கொசு மட்டும் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெருவுக்கு அப்பால் அவர்கள் வீட்டுச் சன்னல். அடைத்த பலகை. அதன் கீழே ரஃபேலாவின் துணிக்கொடிக் கம்பி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஏன் போட மாட்டேங்கிறேன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் சோசியோ. இந்த முறை கத்தவில்லை. "அன்னிக்கு அம்மாவ நான் தூக்கிட்டு இறங்கினேன். பின்னால கல்லு விழுந்துகிட்டே வந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டு, நீ அந்த வீட்டுக்குள்ள போய், அது உன் தலைமேல விழுந்தா? நானே உன்னப் புதைச்ச மாதிரிடா."

புரோக்கோலோவுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இதைச் சொல்ல ஏழு வாரமா? முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

"விழாம இருக்கத்தான் பலப்படுத்துறாங்க" என்றார். "பொறியாளரு சொன்னாரு, இரும்பு கட்டினா நிக்கும்னு. நிக்காதுன்னு சொல்லியிருந்தா உன்னக் கேட்டிருக்க மாட்டேன். நான் என்ன சின்னப் பிள்ளையா? மூணு தடவை ஓடச் சொன்னப்ப மூணு தடவையும் ஓடினேன்ல? நாளைக்கும் ஓடச் சொன்னா ஓடுவேன். ஆனா எங்கேர்ந்து ஓடுறதுன்னு ஒரு இடம் வேணும்ல அண்ணே? கார் கழுவுற கடையப் பாத்துகிட்டு நான் எங்கேர்ந்து ஓடுறது?"

சோசியோ எழுந்து தூணருகில் போனார். தலைக்கு மேல் துளைகள். ஊன்றுகோலைத் தூக்கி எட்டுமா என்று பார்த்தார். எட்டவில்லை.

"இது இவ்வளவு ஆழம் முங்கிருக்கு" என்றார்.

"ஆமா. மறுபடி ஏறி வந்திருக்கு. யார் கையெழுத்தையும் கேக்கல."

அன்று இரவும் ரொட்டி விண்ணப்பத்தின் மேல்தான் இருந்தது. பதினெட்டாம் தேதி விமான நிலையத்தில், பெட்டியைத் தள்ளிவிட்டு, சோசியோ சொன்னார்: "போடறேன். ஆனா இங்க இல்ல. இந்த மண்ணுல நின்னுகிட்டு என் கை வராது. அங்க போய், அசையாத தரையில உக்காந்து போடறேன்."

"அப்ப ஏழு வாரம் எதுக்கய்யா வந்த?"

"பாக்க வந்தேன்" என்றார் அண்ணன். தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே போனார்.

டிசம்பர் 3 அன்று, புரோக்கோலோ லிக்கோலா முகவரி எழுதிக் கொடுத்தனுப்பிய உறையில், முதல் கடிதம் வந்தது. உள்ளே கையெழுத்திட்ட தாள். கூடவே ஒரு சீட்டு: "தரை அசையாததால் கையெழுத்து எவ்வளவு நேராய் வந்திருக்கிறது பார்." அங்குள்ள நோட்டரியின் முத்திரை இல்லை. முத்திரை இல்லாமல் அந்தத் தாள் செல்லாது. புரோக்கோலோ தொலைபேசியை எடுத்தார்.

"முத்திரை எங்க?"

"முத்திரையா? நீ சொல்லவே இல்லையே."

"விமான நிலையத்துல சொன்னேன். கார்ல சொன்னேன். உன் கால்ல கட்டு இருக்கும்போது, எங்க போட்டாலும் முத்திரை வேணும்னு அந்தக் கட்டு மேலயே எழுதி வச்சேன்!"

"கட்டத்தான் பிரிச்சுட்டாங்களே."

இரண்டாவது தாள் முத்திரையோடு கூரியரில் கிளம்பியது. நோட்டரி முன்னால் உட்கார்ந்துகொண்டே சோசியோ அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார், ஒவ்வொரு முத்திரையாக. புரோக்கோலோ திருப்தியாய்த் தலையாட்டினார். பிறகுதான் எந்த முகவரி என்று கேட்கத் தோன்றியது. சோசியோவுக்கு ஒரே ஒரு முகவரிதான் மனப்பாடம். சந்தைக்கு எதிர்வீடு. பலகை அடித்து, தாள் ஒட்டி, ஆள் இல்லாமல் கிடக்கும் அதே வீடு.

கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டிய தபால் அது. ஆள் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். கடைசி நாளோ திங்கள். புதன்கிழமையிலிருந்து புரோக்கோலோ தினமும் காலையில் லிக்கோலாவிலிருந்து வந்து, வீட்டு வாசலைப் பார்த்தபடி எதிரே சந்தையின் கம்பி வேலியில் சாய்ந்து நின்றார். ரஃபேலா குடுவையில் காப்பியும் நெத்திலி வறுவல் வைத்த ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். மழை தூறினாலும் நகரவில்லை. வேலியோரம் நிற்கிற ஆளைக் கண்டால் வெளியூர்க்காரர்கள் விடுவார்களா? கோயில் எங்கே, கோயில் எங்கே என்று புதனும் வியாழனும் வெள்ளியும் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். வெள்ளி மாலை வரை அவர் பொறுமையாய்ச் சந்தைக் கதையைச் சொன்னார். சாக்கடையையும் காட்டினார்.

சனிக்கிழமை காலை, குடை பிடித்த ஒரு பெண்மணி வந்து கேட்டாள். அதே நேரம் தெருமுனையில் ஒரு மஞ்சள் கூரியர் வண்டி திரும்பி, எதிர்வீட்டு வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, அடைத்த சன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி வண்டியில் ஏறப்போனான்.

"ஐயா, கோயில் இதுதானா?"

"ஆமாம்மா, கோயில்தான், கும்பிட்டுக்கங்க" என்று கத்திவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு தெருவின் குறுக்கே ஓடினார் புரோக்கோலோ.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 14 டிசம்பர் 2024.